கை பைக்குள்ளே

சோபாக்கார அண்ணனின் கால்சட்டையில் முதலில் கிழிவது பைதான். நாள் முழுக்க மண்டி போட்டு வேலை செய்கிற மனிதருக்கு முழங்கால் கிழிந்தால் அதில் ஒரு நியாயம் இருக்கும். இவருக்கோ இரண்டு பைகளும் அடியில் பிய்ந்துகொண்டு, வைத்த சாவி தொடை வழியாக இறங்கிச் செருப்பில் வந்து விழும். தைத்துத் தைத்து அலுத்துப்போன அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், சோபா உறைக்கு வந்த தடித்த துணியில் மீந்ததை வெட்டி, அவருடைய கால்சட்டை எல்லாவற்றுக்கும் புதுப் பை வைத்துவிட்டாள். வெளியே சாம்பல் நிறம், உள்ளே பெரிய பெரிய பூ.

"இதையும் கிழிச்சீங்கன்னா அடுத்தது தகரம்தான் வைக்கணும். சொல்லிட்டேன்" என்றாள்.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். வேன் ஓட்டுகிறேன். கீழே முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் அவர்கள் இருக்கிற அறைகள். அங்கே தும்மினால் எனக்குக் கேட்கும். ஒட்டுக்கேட்கிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். கேட்காமல் இருக்கத்தான் நான் பாடுபட வேண்டியிருக்கிறது.

அண்ணனும் அக்காவும் சேர்ந்தே வேலை செய்வார்கள். பழைய சோபா ஒன்று வந்தால் அண்ணன் அதன் தோலை உரித்து, ஸ்பிரிங்குகளைச் சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டுவார். அக்கா வளைந்த ஊசியால் உறையைத் தைத்து மூடுவாள். இருவருக்குமே கை சும்மா இருக்காது. அதிலும் அண்ணன் மோசம். என் அறைக்கு வந்தால் பேசிக்கொண்டே கதவுக் கீலை முடுக்கிவிட்டுப் போவார். ஆடுகிற நாற்காலியைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்டவர் போயும் போயும் சாரணர் படைக்கு மாஸ்டரானார். எங்கள் தெருவுக்குப் பின்னால் பழைய தீயணைப்பு நிலையத்தின் தகரக் கொட்டகை இருக்கிறது. அதுதான் படையின் இடம். அந்தப் படையில் பிள்ளைகள்தான் முடிவெடுப்பார்கள். சின்னச் சின்ன அணிகள், அணிக்கு ஒரு தலைவர், தலைவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேச ஒரு மன்றம். மன்றத்துக்கு மூத்த தலைவர் ஒருவரை அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். மாஸ்டருக்கு ஓட்டு கிடையாது. அவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' அண்ணனுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவருடைய பைகளுக்குத் தெரியும்.

முதல் முகாமிலேயே பிள்ளைகள் கூடாரம் அடிப்பதற்குள் இவர் பாதியை அடித்துவிட்டாராம். அடுத்த வாரமே மன்றம் கூடி ஒரு சட்டம் போட்டது. வேலை நடக்கும்போது மாஸ்டரின் கை பைக்குள்ளே இருக்க வேண்டும். அவர் ஒரு கயிற்றைத் தொட்டுவிட்டால் அந்தக் கட்டை அவிழ்த்து முதலிலிருந்து கட்ட வேண்டும். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் அவர் 'நில்' என்று சொல்லலாம். சொன்னால் எல்லோரும் இருந்த இடத்தில் இருந்தபடி நிற்க வேண்டும். சட்டம் போட்டதுகளுக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டு வந்தார்.

"பொடிசுங்க உங்களுக்குச் சட்டம் போடுது, நீங்க தலையாட்டிட்டு வர்றீங்க" என்று அக்கா சிரித்தாள்.

"தப்பா போட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன். சரியாத்தான போட்டிருக்குதுங்க" என்றார்.

அந்த வருஷம் மூத்த தலைவி அவர்களுடைய மகளே. விசில் என்று கூப்பிடுவார்கள். இரண்டு விரலை வாயில் வைத்து அவள் ஊதினால் தெருக்கோடியில் போகிற பஸ் நிற்கும். துறுதுறுப்பில் அப்பா மாதிரி, வாயில் அம்மா மாதிரி. பெரிய முகாம் வரவிருந்தது. பல ஊர்ப் படைகள் கூடுகிற இடம். ஒவ்வொரு படையும் தன் பகுதிக்கு மூங்கிலாலும் கயிற்றாலும் ஒரு நுழைவாயில் கட்ட வேண்டும். அதற்கு ஒத்திகை பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். மூங்கில் ஏற்றிப்போனது என் வேன். அதனால் நடந்தது எல்லாம் நானே பார்த்தது.

முந்தின இரவு நல்ல மழை. கொட்டகையின் ஓட்டைக்கு நேர் கீழே கயிற்றை வைத்திருந்தார்கள் போல. கட்டுக் கட்டாக நனைந்து கிடந்தது. பிள்ளைகள் அதைப் பிழிந்துவிட்டு அப்படியே எடுத்துக் கட்டத் தொடங்கினார்கள். அண்ணன் என் பக்கத்தில் வேன் படியில் உட்கார்ந்திருந்தார். கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு கையையும் முழங்கை வரை பைக்குள் விட்டுக்கொண்டார்.

"என்னண்ணே?"

"ஈரக் கயிறு. இப்ப விறைப்பா நிக்கும். வெயில் ஏறி காஞ்சதும் தளந்துடும்."

"சொல்லிட வேண்டியதுதான?"

"மேல யாரும் ஏறக் கூடாதுன்னு மன்றத்துல பேசியிருக்காங்க. வாயில் சரிஞ்சா மூங்கில்தான் விழும். விழட்டும். ஏன் விழுந்துச்சுன்னு அதுங்களே உக்காந்து யோசிக்கும்."

உச்சிக்கு வெயில் வந்தபோது வாயில் நின்றது. இரண்டு ஆள் உயரம். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு அணி உருளைக்கிழங்கு சூப் வைத்து அடிப்பிடிக்க விட்டிருந்தது. அந்தக் கருகல் வாசனையோடு அண்ணன் அதை வாங்கி, ஆட்டிறைச்சி விருந்து சாப்பிடுகிறவர் போலச் சாப்பிட்டார். நான் என் பங்கை மீன்களுக்குக் கொடுத்துவிட்டேன். அவையும் நெருங்கவில்லை.

அப்போதுதான் விசில் கொடியைப் பல்லில் கடித்துக்கொண்டு வாயில்மேல் ஏறினாள்.

"நில்!"

அண்ணன் கத்திய கத்தலில் ஏரிக்கரை முழுக்க உறைந்துபோனது. சூப் ஊற்றிக்கொண்டிருந்த பையன் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றான். எனக்கு எந்தச் சட்டமும் கிடையாது, ஆனாலும் டீ கிளாஸோடு நின்றுவிட்டேன். நிற்காதவள் அவள் ஒருத்திதான். கையை வீசி, பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல் சைகை காட்டிவிட்டு இன்னொரு படி ஏறினாள். மேல் மூங்கில் கட்டிலிருந்து நழுவியது. வாயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவளையும் சேர்த்துக்கொண்டு இறங்கியது.

நான் போய்ச் சேர்வதற்குள் அண்ணன் அவள் தலையை மடியில் வைத்திருந்தார். அவருடைய பை ஒன்று கிழிந்து பூத்துணி வெளியே தொங்கியது. விசிலின் மணிக்கட்டு பார்க்கச் சகிக்காத கோணத்தில் இருந்தது. அவள் அழவில்லை, முகம் மட்டும் சுண்ணாம்பாகிவிட்டது.

"மாஸ்டர், தள்ளுங்க" என்று ஒரு குரல். நத்தை. எதையும் ஆற அமரச் செய்கிறவன் என்பதால் அந்தப் பெயர். அவன் கையில் மூங்கில் பிளாச்சும் சாரணர் கழுத்துத் துணிகளும் இருந்தன. அண்ணன் ஒரு நொடி அவனைப் பார்த்தார். பிறகு நகர்ந்தார். பெற்ற மகளின் உடைந்த கையை ஒரு பையன் கட்டுவதை, தன் இரண்டு கைகளையும் கிழிந்த பைக்குள் திணித்துக்கொண்டு பார்த்தார். நத்தை தனக்கே உரிய வேகத்தில், அதாவது வேகமே இல்லாமல், கட்டி முடித்தான். அந்தக் கட்டு அசையவில்லை.

*

அக்காவின் கோபத்தைச் சொல்கிறேன். அவள் முதலில் பாத்திரங்களோடு பேசினாள். அது அடங்கியதும் அவரோடு.

"கம்பத்து மேல நிக்கிறது யாரு? நீங்க பெத்த பொண்ணு. இவரு பைக்குள்ள கையை விட்டுட்டு வேடிக்கை பாத்தாராம்!"

"நில்லுன்னு சொன்னேன்."

"சொன்னா ஆச்சா? ஓடிப்போய்க் காலைப் பிடிச்சு இழுத்துப் போட வேண்டாம்?"

"ஓடினேன். எட்டலை."

"கயிறு ஈரம்னு தெரியுமா, தெரியாதா?"

அண்ணன் வெளியே தொங்கிய பூத்துணியைப் பைக்குள் திணித்தார். அக்கா என் பக்கம் திரும்பினாள். டீ வாங்கிக் கொடுக்க வந்த நான் அப்போது போயிருக்கலாம். போகவில்லை.

"நீங்க சொல்லுங்க வேன்காரரே. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் அக்கா" என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது, அதுவும் அந்தக் கண்களுக்கு முன்னால்.

"தெரியும்! தெரிஞ்சும் வாயில கொழுக்கட்டை!"

உள்ளே கட்டிலிலிருந்து விசில் குரல் கொடுத்தாள். "அம்மா, அப்பா மேல ஏறாத. நான்தான் நிக்கலை."

"ஏண்டி நிக்கலை?"

"மாஸ்டர் கத்தின மாதிரி தெரியலை. அப்பா கத்தின மாதிரி இருந்துச்சு. அப்பா நான் சைக்கிள்ல ஏறினாலும் கத்துவாரு, கத்தியை எடுத்தாலும் கத்துவாரு. அதுக்கெல்லாம் நின்னா நான் எப்பவும் நின்னுட்டேதான் இருக்கணும்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு யாரும் செய்ய முடியாத தவறு அது. அந்த இடத்தில் வேறு எந்தப் பிள்ளை இருந்திருந்தாலும் நின்றிருக்கும். ஒரே குரலில் அப்பாவும் மாஸ்டரும் இருந்தால் மகள் பாவம் எதைக் கேட்பாள்?

"வியாழக்கிழமை மன்றம் கூடுது. என்னை விசாரிக்கப் போறாங்க. நான் போகணும்" என்றாள் விசில்.

"விசாரணையா? கை உடைஞ்ச புள்ளைக்கா? எவன்டி அவன் விசாரிக்கிறவன்? வரச் சொல்லு, நான் விசாரிக்கிறேன்!"

மறுநாள் பெற்றோர் கமிட்டித் தலைவர் பட்டறைக்கு வந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர். கெட்ட மனிதர் கிடையாது. அவசரத்துக்குக் கதவைத் தட்டினால் கடையைத் திறந்து மருந்து கொடுப்பார். என்ன, எல்லோருக்கும் எல்லாவற்றையும் தானே செய்துவிட வேண்டும் அவருக்கு. நத்தை அவருடைய மகன். அவனுக்கு இன்னமும் ஷூ லேஸ் கட்டிவிடுவது இவர்தான் என்று தெருவுக்கே தெரியும்.

உட்கார இடம் தேடினார். இருந்த ஒரே சோபா ஸ்பிரிங்கெல்லாம் வெளியே தெரியப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. நின்றுகொண்டே பேசினார்.

"நடந்தது நடந்துபோச்சு. பாப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"பரவாயில்லை சார்" என்றாள் அக்கா. அண்ணன் ஸ்பிரிங் கட்டுவதை நிறுத்தவில்லை.

"கமிட்டியில எல்லாரும் கொந்தளிச்சுப்போய் இருக்காங்க. உங்களை மாத்தணும்னே சொல்றாங்க. நான்தான் பேசி வச்சிருக்கேன். இனிமே எல்லாத்தையும் பெரியவங்க முடிவு பண்ணுவோம். அந்த வாயிலை வெல்டிங் பட்டறையில இரும்புல செஞ்சுடலாம், மேல மூங்கிலைச் சுத்திட்டா யாருக்கும் தெரியாது. பசங்க பக்கத்துல கயிறைப் பிடிச்சுட்டு நின்னா போதும்."

"கயிறைப் பிடிச்சுட்டு நின்னு?"

"போட்டோ எடுத்துக்கலாம்ல."

அண்ணன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். சற்றுப் பலமாகவே போட்டார்.

"இந்த மன்றம், விசாரணையெல்லாம் வேணாம்" என்று மருந்துக்கடைக்காரர் அக்கா பக்கம் திரும்பினார். "பாப்பாவே தலைவியா இருக்கட்டும். அடிபட்ட புள்ளையைப் போய் யாராவது கேள்வி கேப்பாங்களா? சின்னப் பசங்க விளையாட்டு, அதைப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டு."

அக்காவுக்கு அந்தப் பேச்சு இனித்தது. எனக்கே நியாயமாகத்தான் பட்டது. "சார் சொல்றதும் சரிதானங்க" என்றாள் அவரைப் பார்த்து.

"இதை மன்றத்துலதான் சார் கேக்கணும்" என்றார் அண்ணன்.

"நான் உங்களைக் கேக்கறேன்."

"என்னைக் கேட்டா, முடியாது."

"அப்ப படையை விட்டுட்டுப் போயிடுவீங்களா?"

"மன்றம் போகச் சொன்னா போறேன். நீங்க சொன்னா போக மாட்டேன்."

மருந்துக்கடைக்காரருக்கு மூக்கு சிவந்துவிட்டது. பத்துப் பேர் இருக்கிற கூட்டத்தில் மரியாதையாகப் பேசிப் பழகியவர். அப்போது விசில் மாவுக்கட்டுக் கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டபடி வாசலுக்கு வந்தாள்.

"விளையாட்டு இல்ல சார். போன வருஷம் ஒருத்தன் சொல்லாம ஏரியில இறங்கினான். நாங்க அவனை முகாமை விட்டு நிறுத்தினோம். அன்னிக்குக் கேள்வி கேட்டது நான்தான். இன்னிக்கு என் முறை வந்ததும் எங்க அம்மா முந்தானையில ஒளிஞ்சுக்கவா?"

"முந்தானை எங்கடி இருக்கு" என்று அக்கா முணுமுணுத்தாள். அவள் எப்போதும் வேலைக்கான மேலங்கியோடு இருப்பவள். ஆனால் மகளை அவள் பார்த்த பார்வை மாறியிருந்தது.

"சரி. வியாழக்கிழமை கொட்டகையைப் பூட்டிடறேன். அப்புறம் எங்க கூடுறாங்கன்னு பாக்கலாம். சாவியைக் கொடுங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"சாவி என்கிட்ட இல்லை."

"வேற யார்கிட்ட?"

"சாமான் பொறுப்பு யாரோ அவன்கிட்ட."

"யார் அது?"

அண்ணன் முதன்முறையாக நிமிர்ந்தார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். "உங்க வீட்டுலதான் சார் இருக்கான்."

*

வியாழக்கிழமை மாலை தூறல். நான் வேனைக் கொட்டகைக்கு எதிரில் நிறுத்தினேன். விசிலை இறக்கிவிட வந்தேன் என்பது காரணம். வேடிக்கை பார்க்க வந்தேன் என்பது உண்மை. அக்கா வர மாட்டேன் என்று காலை முழுக்கச் சொல்லிவிட்டு, முதல் ஆளாக வேனில் ஏறியிருந்தாள்.

கொட்டகை திறந்திருந்தது. நத்தை கழுத்தில் சாவி தொங்கியது. அவனுக்குப் பின்னாலேயே அவன் அப்பா குடையோடு வந்து சேர்ந்தார். வீட்டில் ஏற்கெனவே ஒரு சுற்று முடிந்திருக்க வேண்டும்.

"கடைசியாக் கேக்கறேன். சாவியைக் கொடு."

நத்தை யோசித்தான். அவன் யோசித்து முடிப்பதற்குள் தூறல் நின்று மறுபடி தொடங்கியது.

"சாவி படையோடதுப்பா. நான் கொடுக்க முடியாது. மன்றத்துல கேட்டுட்டுச் சொல்றேன்."

"நான் உன் அப்பாடா!"

"தெரியும்ப்பா. நனையாதீங்க, அந்த ஓரமா நில்லுங்க."

கதவு சாத்தப்பட்டது. அந்தப் பையன் வாழ்க்கையில் முதல்முறையாக அப்பாவின் முன்னால் ஒன்றைச் சாத்தியிருப்பான். மருந்துக்கடைக்காரர் குடையைப் பிடித்தபடி திகைத்து நின்றார். எனக்கு அந்த மனிதர்மேல் பாவமாகத்தான் இருந்தது.

அண்ணன் கதவுக்கு ஒரு பக்கமாக நின்றார். கை பைக்குள்ளே.

"விலகுங்க, நான் உள்ள போகணும்."

"கூப்பிட்டா போகலாம் சார். என்னையே இன்னும் கூப்பிடலை."

"உங்க பொண்ணை உள்ள வச்சு என்ன பண்றாங்களோன்னு உங்களுக்குப் பதறலையா?"

"பதறுது. நல்லாப் பதறுது. அதுக்காகக் கதவை உடைக்கவா?"

தகரச் சுவரில் ஒளிவு மறைவு ஏது? உள்ளே பேசுவது எங்களுக்குக் கேட்டது. ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டார்கள். ஏறக் கூடாது என்று முடிவு செய்தபோது நீ இருந்தாயா? இருந்தேன். நில் என்ற சொல் கேட்டதா? கேட்டது. அப்புறம் ஏன்? விசில் அப்பா குரல் கதையைச் சொன்னாள். யாரோ சிரித்தார்கள், யாரோ அதட்டினார்கள். உன்னைப் பார்த்துச் சின்னதுகள் ஏறியிருந்தால்? விசில் அழுகிற சத்தம் கேட்டது.

அக்கா வேனிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். எலும்பு உடைந்தபோதே அழாத பெண் அது. அக்காவின் கை கதவின் தாழ்ப்பாளில் இருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் அவளைத் தடுக்கவில்லை.

"திறக்கிறதுன்னா திற. நான் பிடிச்சு நிறுத்த மாட்டேன்" என்றார் மெதுவாக. "ஆனா அவ உன்னைத் திறக்கச் சொல்லலை."

"அவ அழறாளே..."

"ஆமா. எனக்கும் கேக்குது."

அவர் குரல் உடைந்திருந்தது. அந்தப் பாறாங்கல்லுக்கும் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. அக்கா தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நின்றாள். மருந்துக்கடைக்காரர், "திறங்கம்மா, நீங்க அம்மா, உங்களுக்கு உரிமை இருக்கு" என்றார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "எனக்கு என்ன உரிமை இருக்குன்னு நீங்க சொல்லித் தர வேணாம் சார். உள்ள போனவ தானாத்தான் போனா. தானா வருவா." தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்து மேலங்கியில் துடைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தபோது விசிலின் கண்கள் வீங்கியிருந்தன. தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. முகாம் முடியும் வரை அவள் தலைவி இல்லை. அவள் இடத்துக்கு மறுபடி ஓட்டுப் போட்டு, நத்தையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நிறுத்தச் சொல்லி வந்தவரின் மகனையே அந்தக் கூட்டம் தலைவனாக்கியது. மருந்துக்கடைக்காரருக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. குடையை மடக்கினார், விரித்தார்.

"யாருக்கு ஓட்டுப் போட்ட?" என்று அக்கா மகளைக் கேட்டாள்.

"நத்தைக்குத்தான். அவன்தான் முடிச்சை ரெண்டு தடவை பாப்பான்."

"மாஸ்டர், உள்ள வாங்க" என்றான் நத்தை.

அண்ணன் உள்ளே போய் நின்றார். கதவைச் சாத்த யாருக்கும் தோன்றவில்லை.

"கயிறு ஈரம்னு உங்களுக்குத் தெரியுமா மாஸ்டர்?"

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"நீங்களே கண்டுபிடிக்கணும்னு."

நத்தை மற்றவர்களைப் பார்த்தான். "நீங்க சொல்ல வேணாம் மாஸ்டர். அது சட்டம். ஆனா கேட்டிருக்கலாமே. கயிறு எப்படி இருக்குன்னு ஒரு கேள்வி கேட்டா நாங்களே தொட்டுப் பாத்திருப்போம். கேள்வி கேக்கக் கூடாதுன்னு நாங்க சட்டம் போடலை."

கை பைக்குள் இருப்பது போதாது, வாய் எப்போது திறக்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும் என்று மன்றம் அவருக்கே பாடம் எடுத்துவிட்டது. "தப்புதான்" என்றார். "தண்டனை?"

"முகாம்ல பெரிய சூப் பாத்திரம் கழுவணும். எல்லா நாளும்."

"அடிப்பிடிச்சா?"

"பிடிக்கத்தான் செய்யும் மாஸ்டர்."

வெளியே வந்த அவரை மருந்துக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா? பொண்ணையும் தூக்கிட்டாங்க, உங்களையும் பாத்திரம் கழுவ வச்சுட்டாங்க. இதுக்குத்தான் இவ்வளவு பிடிவாதமா?"

"ஆமா சார். இதுக்குத்தான்" என்றார் அண்ணன். அன்று போல அவர் நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை.

*

முகாமுக்கு மருந்துக்கடைக்காரர் இரும்பு வாயிலோடு வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று தன் செலவில் செய்து, ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நத்தை அதைச் சுற்றிப் பார்த்து, தட்டிப் பார்த்து, "நல்லா இருக்குப்பா" என்றான். பிறகு, "மன்றம் வேணாம்னு சொல்லிடுச்சு" என்றான். இரும்பு வாயில் லாரியிலேயே படுத்துக் கிடந்தது.

மைதானம் முழுக்கப் படைகள். அடுத்த படைகளில் பெரியவர்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்து மிட்டாய் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு வாயிலாக எழும்ப, கைதட்டலும் எழும்பியது. எங்கள் பக்கம் மட்டும் இன்னும் தரையில் மூங்கில் கிடந்தது. நத்தை ஒவ்வொரு கயிற்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். காய்ந்த பிறகுதான் அடுத்த ஆளிடம் கொடுத்தான். விசில் ஒற்றைக் கையோடு சின்னதுகளுக்கு நுனியைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தலைவி இல்லை என்ற வருத்தம் அவளுக்கு இருந்தது, மறைக்கவும் இல்லை. ஆனால் நத்தை சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்தாள்.

பரிசோதிக்க வருகிற பெரிய அதிகாரிகள் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து புறப்பட்டுவிட்டார்கள். எங்கள் வாயில் அப்போதுதான் எழுந்தது. கொஞ்சம் கோணல். ஆனாலும் நின்றது. வலது மூலைக் கட்டு ஒன்று லேசாக நெகிழ்வதை நான் பார்த்தேன், அண்ணன் பார்த்தார், அக்காவும் பார்த்தாள்.

"அந்த மூலை! அந்த மூலை!" என்று மருந்துக்கடைக்காரர் துடித்தார். "சொல்லுங்களேன்! நீங்க ரெண்டு நிமிஷத்துல கட்டிடுவீங்களே!"

"நத்தை" என்று அண்ணன் கூப்பிட்டார். "ஒரு கேள்வி. அந்தக் கட்டு உனக்குத் திருப்தியா?"

நத்தை அதன் கீழே போய் நின்றான். அண்ணாந்து பார்த்தான். அதிகாரிகள் பக்கத்து வாயிலுக்கு வந்துவிட்டார்கள்.

"இல்லை மாஸ்டர்" என்றான். "எல்லாரும் விலகுங்க. இறக்கிட்டு மறுபடி கட்டறோம்."

இறக்குகிறார்கள்! மைதானமே திரும்பிப் பார்த்தது. அதிகாரிகள் எங்கள் முன்னால் வந்து நின்றபோது வரவேற்க வாயிலே இல்லை. தரையில் மூங்கில், அதைச் சுற்றிப் பிள்ளைகளின் முதுகுகள். யாரும் எழுந்திருக்கவில்லை. விசில் மட்டும் தலையைத் தூக்கி, "கொஞ்சம் நில்லுங்க சார், கட்டிட்டிருக்கோம்" என்றாள்.

மருந்துக்கடைக்காரர் அண்ணனின் காதருகே போனார். "எல்லாரும் பாக்கறாங்க. நீங்க இப்படி நின்னுட்டே இருக்கப் போறீங்களா?"

"ஆமா."

"மானம் போகுது!"

"அவங்க பாக்கட்டும் சார்" என்றாள் அக்கா. "எங்க புள்ளைங்க வேலை செய்யறதைத்தான பாக்கறாங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுடைய கை அந்தக் கயிற்றை நோக்கித் தானாக நீண்டது. வளைந்த ஊசியால் எத்தனையோ தையல்களை இறுக்கிய கை. முடிச்சில் நத்தையின் விரல் தடுமாறியது. ஒரு இழுப்பு, ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் போதும். அக்கா ஒரு அடி முன்னால் வைத்தாள், நின்றாள், தன் உடம்பில் பை தேடினாள். மேலங்கியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். போட்டிருந்த நல்ல உடையில் பையே இல்லை.

பின்னால் வந்து, அண்ணனின் கால்சட்டைப் பைக்குள், ஏற்கெனவே அங்கே இருந்த அவருடைய முஷ்டிக்குப் பக்கத்தில் தன் கையைத் திணித்துக்கொண்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நத்தை கட்டை முடித்து, ஒரு முறை பார்த்து, மறுபடியும் ஒரு முறை பார்க்கத் தொடங்கினான். அதிகாரிகள் நின்றார்கள். வெயில் ஏறியது. அக்கா தைத்த பூத்துணிப் பை இரண்டு கைகளையும் தாங்கிக்கொண்டிருந்தது.